சூடானா நிக்குற புல்லட்: ஒரே மாதிரி தெரிஞ்ச ரெண்டு கோளாறு

மாமாவோட பழைய புல்லட் 350 ஒருவழியா சரியாயிட்டு. எண்பதுகள்ல எடுத்த வண்டி, வலது கால்ல கியரு, இடது கால்ல பிரேக்கு, பாயிண்ட் இக்னிஷன் (சின்ன சுவிட்ச் மாதிரி சேந்து தொறந்து ஸ்பார்க் வர வைக்குற அமைப்பு), 6 வோல்ட் பேட்டரி, ஹெட்லைட்டுக்கு மேல ஆம்பியர் மீட்டரு, ஹேண்டில்பார்ல எஞ்சின் அழுத்தத்த விட்டு கிக்க லேசாக்குற டீகம்ப்ரஷன் லிவரு, எல்லாம் பழைய அமைப்பு அப்பிடியே இருக்கு. மாமாவுக்கு குமரி மாவட்டத்துல கொளச்சல், கடல் சத்தம் கேக்குற தூரத்துல வீடு, வண்டி இத்தன வருஷமும் அந்த உப்புக்காத்துலதான் நின்னிருக்கு. அது ஏன் முக்கியம்னு பொறவு சொல்றேன்.

கோளாறு இதுதான். காலையில ஒண்ணு ரெண்டு கிக்குல ஸ்டார்ட் ஆயிரும். திங்கள்நகர் வழியா தக்கலை வர ஒரு குறையும் சொல்ல முடியாது, நல்ல தாளமா ஓடும். அழகியமண்டபத்துல திரும்பி திருவட்டாறு தாண்டி குலசேகரம் பக்கம் போகும்போதான், அந்த ஏத்த எறக்கத்துல, இழுவை கொறைய ஆரம்பிக்கும், சைலன்சர்ல டப்பு டப்புன்னு வெடிக்கும், கொஞ்ச தூரத்துல நின்னுரும். ரப்பர் தோட்டத்து நெழல்ல ஒரு அரை மணிக்கூர் நிறுத்திட்டு கிக் அடிச்சா எதுவுமே நடக்காத மாதிரி ஓடும். மாமாவுக்கு பேச்சிப்பாறை போற வழியில கொஞ்சம் ரப்பர் இருக்கு, அதனால இந்த ரோட்ட விட்டா அவருக்கு வேற ரோடு கெடையாது.

இதுக்காக மாத்தாத சாமான் இல்ல. பிளக்கு, பிளக் கேப்பு, பிளக்குக்கு வோல்டேஜ ஏத்திக் குடுக்குற காயிலு, கார்புரேட்டர் கிட்டு, பெட்ரோல் டேப்பு, பாயிண்டோட சேந்து வேலை செய்யுற கண்டென்சர் கூட ஒரு தடவ மாத்தியிருக்கு. ஒவ்வொண்ணும் மாத்துன ஒடனே கொஞ்ச நாள் நல்லா ஓடும், "ஆங், இதுதான் கம்ப்ளெயிண்ட்"னு எல்லாரும் சந்தோஷப்படுவாங்க, பொறவு பழையபடி நடுவழியில நிக்கும். அத்தை "இத எடைக்குப் போட்டுட்டு ஒரு ஸ்கூட்டி வாங்குங்க"ன்னு சொல்லிச் சொல்லி அலுத்துட்டாங்க. மாமா எங்கிட்ட சாவியக் குடுத்துட்டு, "மக்ளே, நீ ஒருக்கா பாரு, சரியாவலன்னா நான் இத எறக்கிவிட்டுருவேன் கேட்டியா"ன்னாரு. அந்தக் குரல்ல வித்துருவாருன்னு எனக்குத் தோணல, ஆனா மனசு வெறுத்துப் போயிருந்தாருங்கறது நல்லாத் தெரிஞ்சுது.

"சூடானா நிக்குது, ஆறினா ஓடுது"ங்கறத கேட்ட ஒடனே ஆளாளுக்கு ஒரு பதில் சொல்லுவாங்க, ஒருத்தரு காயில்ம்பாரு, இன்னொருத்தரு கார்புரேட்டர்ம்பாரு. உண்மையில இந்த ஒரு அறிகுறிக்குப் பின்னால கொறஞ்சது நாலு வியாதி இருக்கலாம், நாலும் வெளிய பாக்க ஒண்ணுபோலவே இருக்கும். பெட்ரோல் மூடியில இருக்குற காத்துத் தொளை அடச்சிருந்தா, பெட்ரோல் எறங்க எறங்க டேங்குக்குள்ள வெற்றிடம் வந்து, ஒரு கட்டத்துல பெட்ரோல் வராம நின்னுரும், கொஞ்ச நேரம் விட்டா காத்து மெள்ள கசிஞ்சு உள்ள போயி மறுபடி வரும். அதுக்கும் சூட்டுக்கும் சம்பந்தமே இல்ல, ஆனா அரை மணிக்கூர்ல சரியாவுறதால சூடுன்னு நெனச்சிருவோம். டேங்குக்குள்ள துரு, இல்ல மழைக்காலத்துல எறங்குன வெள்ளம், அதான் தண்ணி, இருந்தாலும் அப்பிடித்தான், ஓட்டத்துல டேப்பு வாய்க்கு வந்து அடைக்கும், நிறுத்துனா வெலகிரும். வால்வ தள்ளுற டேப்பட் இறுக்கமா இருந்தா சூட்டுல வால்வு முழுசா மூடாம கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள்ள அழுத்தம், போகும். கடைசி, கண்டென்சரோ காயிலோ சூட்டுல உள்ளுக்குள்ள பலவீனமாகி ஸ்பார்க் செத்துப்போறது.

வீட்டு முத்தத்துல வண்டிய ஆற வச்சுட்டு எத்தன மணிக்கூர் நோண்டுனாலும் இந்த நாலையும் பிரிக்க முடியாது, ஏன்னா அப்ப கோளாறே அங்க இல்ல. அதனால நான் எதையும் கழட்டல. ஒரு சின்ன பையில பிளக் ஸ்பேனரு, ஸ்க்ரூ டிரைவரு, இடைவெளி அளக்குற ஃபீலர் கேஜு, மல்டிமீட்டரு, ஒரு நல்ல பிளக்கு, காலி பாட்டிலு, கொஞ்சம் ஒயரு எல்லாம் போட்டுட்டு நேரா குலசேகரம் ரோட்டுலயே போனேன், அது நிக்கணும்னே போனேன்.

திருவட்டாறு தாண்டுனதும் வெடிக்க ஆரம்பிச்சுது. நின்னுருமோன்னு தோணுன அந்த நொடியே கிளட்ச்ச புடிச்சு சாவிய ஆஃப் பண்ணி ஓரமா உருட்டி நிறுத்தினேன், ஏன்னா தொடர்ந்து திருகிக்கிட்டே இருந்தா பிளக்கோட நெலம மாறிப்போயிரும், அது சொல்ற சேதி நமக்குக் கெடைக்காது. மொதல்ல பெட்ரோல் மூடியத் தொறந்தேன், உஸ்ஸுன்னு காத்து இழுக்குற சத்தம் எதுவும் இல்ல. மூடியத் திரும்பப் போட்டுட்டு, கார்புரேட்டருக்கு வர்ற ட்யூப கழட்டி பாட்டில்ல விட்டேன், தடையில்லாம வந்துது, வெள்ளமும் இல்ல, துருவும் இல்ல. (எஞ்சின் கொதிக்குற நேரத்துல இத செய்யறவங்க சைலன்சர் பக்கம் ஒரு சொட்டு விழாம பாத்துக்கணும், முடிச்சதும் டேப்ப மூடி தொடச்சுட்டுதான் ஸ்பார்க் பாக்கணும், இதுல சோம்பல் படவே கூடாது.) கிக்க மெள்ள அமுக்குனா நல்ல கெட்டியா நின்னுது, அப்போ கம்ப்ரஷன் இருக்கு, டேப்பட் இல்ல. நாலுல மூணு அந்த எடத்துலயே கழிஞ்சுபோச்சு, ஒரு ரூவா செலவில்ல.

பிளக்க கழட்டுனா ஈரமா இருந்துது. பெட்ரோல் வருது, எரியல. அதே பிளக்க கேப்புல மாட்டி ஹெட்டுல சாய்ச்சு வச்சு கிக் அடிச்சா நூல் மாதிரி மஞ்சளா ஒரு ஸ்பார்க், அதுவும் ஒண்ணு வரும் ஒண்ணு வராது. நல்ல பிளக்கு போட்டுப் பாத்தாலும் அதேதான்.

இந்த எடத்துல பழைய புல்லட்காரங்களுக்கு ஒரு பெரிய வசதி இருக்கு, அந்த ஆம்பியர் மீட்டர். சாவிய ஆன் பண்ணிட்டு லைட் எதுவும் போடாம கிக்க பைய அமுக்குனா, பாயிண்ட் சேரும்போ முள்ளு மைனஸ் பக்கம் சாயும், பாயிண்ட் தொறக்கும்போ நடுவுக்கு வரும். நம்ம ஆளுங்க டீகம்ப்ரஷன் புடிச்சு ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னால முள்ளு நடுவுக்கு வருதான்னு பாக்குறது இதத்தான். நின்ன வண்டியில இந்த முள்ளு ஆடுதுன்னா காயிலுக்குக் கரண்ட் போவுது, பாயிண்ட் வெட்டுது. ஆடவே இல்லன்னா, பேட்டரியில இருந்து பாயிண்ட் வரைக்கும் எங்கயோ ஒரு எடம் அறுந்திருக்கு இல்ல பாயிண்டே சேரல. அன்னைக்கு முள்ளு ஆடுச்சு.

அப்போ பாக்க வேண்டியது பாயிண்ட். வலது பக்கம் சிலிண்டர் பேரலுக்குப் பின்னால நிக்குற, பாயிண்ட் இருக்குற டிஸ்ட்ரிபியூட்டர் மூடியத் தொறந்துட்டு, அங்க ரப்பர் பால் எடுத்துட்டு வந்த ஒரு அண்ணன்கிட்ட "அண்ணே, ஒருக்கா கிக் அடிக்க முடியுமா"ன்னு கேட்டேன், அவரு வாளிய எறக்கி வச்சுட்டு சந்தோஷமா அடிச்சாரு. பாயிண்ட் தொறக்குற ஒவ்வொரு தடவையும் பளிச்சு பளிச்சுன்னு நீலமா நெருப்பு. லேசா ஒரு மினுக்கு இருக்கலாம், இப்பிடி வெல்டிங் அடிக்கக் கூடாது. கண்டென்சரோட வேலையே அதுதான், பாயிண்ட் தொறக்கும்போ அந்த இடைவெளியில கரண்ட் தாவாம தான் வாங்கிக்கிட்டு, காயில்ல இருக்குற காந்தப்புலம் சட்டுன்னு விழ வைக்கணும், சட்டுன்னு விழுந்தாதான் பிளக்குக்கு வேண்டிய வோல்டேஜ் வரும். கண்டென்சர் சூட்டுல பலவீனமாக ஆரம்பிச்சா நெருப்பு பிளக்குல விழ வேண்டியது பாயிண்டுல விழுது. இந்த வண்டியில அது டிஸ்ட்ரிபியூட்டருக்குள்ள, கொதிக்குற இரும்பு பேரலுக்கு ஒட்டி ஒக்காந்திருக்கு. அது போதாதா.

ஆனா ஏற்கெனவே ஒண்ணு மாத்தியாச்சே? கடையில ரொம்ப நாளா கெடந்த சாமான், புதுசுங்கறதாலயே நல்லதுன்னு சொல்ல முடியாது. அதனால வீட்டுக்கு வந்து, காயில்ல பாயிண்டு ஒயர் மாட்டுற முனைக்கும் எர்த்துக்கும் நடுவுல வேற ஒரு கண்டென்சர் போட்டேன், பேரல் சூட்ட விட்டு வெலகி, காத்துப் படுற எடத்துல. மின்சாரத்துக்கு ரெண்டும் ஒரே எடந்தான், உள்ள இருந்தா என்ன வெளிய இருந்தா என்ன. பழசோட ஒயர மட்டும் எடுத்துவிட்டேன், வேற எதையும் தொடல. பாயிண்ட பொடி எமரியில லேசா இழுத்து சுத்தமான துணியில தொடச்சு, பாயிண்ட் இடைவெளிய 0.35 மில்லிமீட்டர் வச்சேன். 0.35-ல இருந்து 0.40 வரைக்கும் இருக்கலாம்.

வெடிக்கறது அதோட நின்னுபோச்சு. குலசேகரம் என்ன, பேச்சிப்பாறை டேம் வரைக்கும் ஏறி வந்துச்சு. ஆனா வரும்போ தோட்டத்து வாசல்ல ஹேண்டில முழுசா இடது பக்கம் ஒடிச்சு திருப்புனேன், சாவி ஆஃப் பண்ண மாதிரி எஞ்சின் ஒரு நொடி செத்து, ஹேண்டில் நேரான ஒடனே உயிர் வந்துது. முள்ளப் பாத்துக்கிட்டே இன்னொரு தடவ ஒடிச்சேன், நடுவுல போயி அசையாம நின்னுது. வெடிப்பு இல்ல, இழுவை கொறையல, சும்மா அறுந்து போவுது. முன்னால இருந்தது வேற, இது வேற. வெடிக்குற சத்தத்துக்கு அடியில இது இத்தன நாளும் ஒளிஞ்சிருந்துருக்கு.

மல்டிமீட்டர இங்கதான் எடுத்தேன். எஞ்சின் ஆஃப்ல, பாயிண்ட் சேந்திருக்குற நெலையில சாவிய ஆன் பண்ணி, ஒரு முனைய பேட்டரி பிளஸ்லயும் இன்னொரு முனைய காயில்ல கரண்ட் வந்து சேருற எடத்துலயும் வச்சா, வழியில எவ்வளவு வோல்ட் தின்னுதுன்னு நேரா காட்டும். அரை வோல்ட்டுக்குள்ள இருக்கணும். இதுல ஒன்றரைக்கு மேல காட்டுது, ஹேண்டில அசைச்சா இன்னும் ஏறுது. 6 வோல்ட்டுல ஒன்றரை போனா கால்வாசி போச்சு, காயிலுக்கு மிச்சம் என்ன இருக்கும்? கரண்ட் ஓட ஓட அந்த கெட்ட எடமே சூடாகி ரெசிஸ்டன்ஸ் இன்னும் கூடும், அதனாலதான் இதுவும் "சூடானா நிக்குது"ங்கற கணக்குலயே சேந்துக்கிட்டு.

ஹெட்லைட்ட கழட்டி உள்ள பாத்தா இக்னிஷன் சுவிட்ச்சுல வந்து சேருற முனையில பச்சையா களிம்பு. பழைய செம்பு குத்துவிளக்குல மூலையில புடிச்சிருக்குமே, அந்தப் பச்ச. ஒயர் தோலுக்குள்ள ரெண்டு இஞ்ச் வரைக்கும் செம்பு கருத்து, விரல்ல நிமிண்டுனா பொடியா உதிருது, நாலஞ்சு இழைதான் புடிச்சுக்கிட்டு இருந்துது. கொளச்சல் காத்து. வெளிய தோலு நல்ல கறுப்பா, புதுசு மாதிரி இருந்துது, அதனால யாரும் சந்தேகப்பட வழியில்ல.

இப்ப அந்த "மாத்துனா கொஞ்ச நாள் ஓடும்"ங்கறதுக்கும் விளக்கம் கெடச்சுது. காயில் மாத்த டேங்க எடுத்திருப்பாங்க, ஒயர இழுத்திருப்பாங்க, முனைய கழட்டி மாட்டியிருப்பாங்க. அந்த அசைவுல களிம்பு கொஞ்சம் உரசி வெலகி தொடுப்பு நல்லாயிரும், பேரு மட்டும் புது காயிலுக்குப் போகும். பொறவு உப்புக்காத்து அதோட வேலையப் பாக்கும். அந்த மெக்கானிக்மாரு யாரையும் நான் குறை சொல்லல, ஆறின வண்டியில கடையில நின்னு பாத்தா யாருக்கும் இது தெரியாது. ஆனா ஒரு சாமான மாத்துனதும் வண்டி ஓடுதுன்னா அந்த சாமான்தான் கெட்டிருந்துதுன்னு முடிவு கட்டக் கூடாதுங்கறத நான் அழுத்தியே சொல்லுவேன். முடிஞ்சா பழச திரும்ப மாட்டிப் பாருங்க, கோளாறு திரும்ப வந்தாதான் அது சாட்சி. வெளிய போட்ட கண்டென்சர அப்பிடித்தான் உறுதி பண்ணேன், பழசக் கொடுத்து ஓட்டுனா அதே திருவட்டாறு பக்கத்துல வெடி ஆரம்பிச்சுது.

கெட்டுப்போன ஒயர நல்ல செம்பு வர்ற வரைக்கும் வெட்டி எடுத்துட்டு, கனமான புது ஒயர் போட்டு, முனைகள சால்டர் வச்சு, ஹேண்டில் ரெண்டு பக்கமும் முழுசா ஒடியுற அளவுக்கு நீளம் விட்டு, மேல கொஞ்சம் வாசலின் தடவி விட்டேன். எஞ்சின்ல இருந்து ஃப்ரேமுக்கு வர்ற எர்த்தையும் சுரண்டி மாட்டியாச்சு. வழியில தின்ன வோல்ட் இப்ப கால் வோல்ட்டு கூட இல்ல.

கடைசியா சோதிக்க ஆரல்வாய்மொழிக்குப் போனோம், மாமாவும் பின்னால. ஆடி மாசம், கணவாய்ல மேக்க இருந்து காத்து புடிச்சுத் தள்ளுற நேரம், போகும்போ ஒண்ணும் தெரியாது, திரும்பி தோவாளை வழியா நாகர்கோவில் வரும்போ எதிர்காத்துல எஞ்சின் நல்லா மூச்சு வாங்கணும், சூடும் ஏறும். ரெண்டு பேர ஏத்திக்கிட்டு வெடிப்பில்ல, விக்கல் இல்ல. வெள்ளமடம் பக்கம் வந்ததும் மாமா தோள்ல தட்டி, "நிறுத்துலே, நான் ஓட்டுகேன்"ன்னாரு.

இன்னும் வேலை இருக்கு. கார்புரேட்டர் நீடில் தேஞ்சிருக்கு, ஐடிலிங்கு ஆறுன எஞ்சின்ல ஒரு மாதிரியும் சூட்டுல ஒரு மாதிரியும் நிக்குது, அதோட ஹெட்லைட்டுக்குள்ள மிச்ச ஒயர்கள்லயும் ரெண்டு மூணு எடத்துல அந்தப் பச்சையப் பாத்தேன். மழை எறங்குறதுக்கு முன்னால முழு ஹார்னஸையும், அதாவது மொத்த ஒயர் கட்டையும், மாத்திரலாம்னு மாமாகிட்ட சொல்லியிருக்கேன், அவரு சரின்னுட்டாரு, அத்தைதான் இன்னும் சம்மதிக்கல.