அப்லோட் ஆகிறது, ஆனால் சீரியல் மானிட்டரில் ஒரு வரி இல்லை: ஈஎஸ்பி32-சி3 போர்டோடு பட்ட பாடு

ஈஎஸ்பி32-சி3 என்பது நிரல் ஏற்றி ஓட்டும் சின்ன மைக்ரோகன்ட்ரோலர் போர்டு; அது அனுப்பும் வரிகளைக் கணினியில் காட்டும் ஜன்னல்தான் சீரியல் மானிட்டர். ஆர்டுயினோ ஐடிஇ-யில் போர்டு சேர்க்கவும் ஸ்கெட்ச் (நிரல்) ஏற்றவும் தெரிந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். அதுவரை எனக்கும் ஒரு தடங்கலும் இல்லை. அப்லோட் முடிந்தது என்று திரையில் வந்த பிறகுதான் எல்லாம் ஆரம்பித்தது.

கம்பம்மெட்டு தாண்டி அணக்கரைப் பக்கம் மாமாவுக்கு ஏலக்காய்த் தோட்டம். பச்சைக்காய் உலர்த்தும் ஸ்டோரில் சூடு 50 டிகிரியை ஒட்டி நிற்க வேண்டும். ஏறிவிட்டால் காயின் பச்சை நிறம் போய்விடும், ஏலம் விடும்போது விலை அடிபடும். ராத்திரி முழுக்க ஒரு ஆள் கண் விழித்து தெர்மாமீட்டர் பார்க்கிறார். அதற்குப் பதிலாக டிஎஸ்18பி20 என்ற வெப்பநிலை சென்சார் வைத்துச் சூட்டைப் பதிவு செய்வதுதான் திட்டம். கம்பம் ஊரில் வீட்டில் வைத்து, சிபி2102 என்ற தனி யூஎஸ்பி சிப் உள்ள பழைய ஈஎஸ்பி32 போர்டில் ஓட்டிப் பார்த்தபோது நன்றாக ஓடியது. பெட்டிக்குள் அடங்கட்டும் என்று சின்ன சி3 போர்டு வாங்கி, சென்சார் பின் நம்பரை மட்டும் மாற்றி அதே ஸ்கெட்சை ஏற்றினேன். எல்இடி சிமிட்டியது. மானிட்டர் வெறுமையாகக் கிடந்தது.

கேட்டவர்கள் எல்லோரும் ஒரே பதில்தான் சொன்னார்கள்: கேபிளை மாற்று, பாட் ரேட்டை (சீரியல் வேகத்தை) மாற்று, டிரைவர் போடு. கேபிளுக்காகவே தோட்டத்திலிருந்து மலையிறங்கினேன். இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். சார்ஜ் மட்டும் ஏற்றும் கேபிளில், கணினியில் போர்ட்டே (போர்டு பேசும் இணைப்பு வாசல்) தெரியாது. போர்ட் தெரிந்து, அப்லோடும் முடிகிறது என்றால் கேபிள் சரி, டிரைவரும் சரி. அதற்குப் பிறகும் கேபிளை மாற்றச் சொல்பவர் பேச்சைக் கேட்டுக் கிளம்பாதீர்கள். பாட் ரேட்டும் அப்படித்தான். தனி யூஎஸ்பி சிப் உள்ள போர்டில் அது பொருந்தாவிட்டால் பெரும்பாலும் கன்னாபின்னா எழுத்துகள் வரும். சி3-யில் யூஎஸ்பி வேலையை முதன்மைச் சிப்பே செய்துவிடுகிறது. அந்த வழியில் பாட் ரேட் எதை வைத்தாலும் ஒன்றுதான்.

போர்டு விற்ற கடையில் நடந்ததுதான் இன்னும் மனதை அறுக்கிறது. கையில் வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. "போர்டு போச்சு தம்பி. ஒரு தடவை லோட் பண்ணிட்டா நாங்க திரும்ப எடுக்கறதில்ல" என்றார். அப்லோட் ஆகிறதே அண்ணே என்றேன். "அது ஆகும், உள்ள போயிருக்கும்" என்று சொல்லிவிட்டு இன்னொன்றை எடுத்து நீட்டினார். காசு கொடுத்து வாங்கி மேலே வந்தால் அதுவும் அதே மௌனம். இரண்டு புது போர்டுகள் ஒரே மாதிரி கெட்டுப்போயிருக்க வாய்ப்பு மிகக் குறைவு. அப்போதுதான் சந்தேகம் போர்டை விட்டு செட்டிங் பக்கம் திரும்பியது.

அணக்கரையில் சிசிடிவி சர்வீஸ் செய்யும் சேட்டன் ஒருவரிடம், போர்டின் பின்களில் வரும் சீரியல் வரிகளைக் கணினிக்குக் கொண்டுவரும் யூஎஸ்பி-டிடிஎல் அடாப்டர் இருந்தது. பழைய டிவிஆர்களை (கேமரா பதிவுப் பெட்டிகளை) உயிர்ப்பிக்க வைத்திருக்கிறார். "ஆ டிஎக்ஸ் பின்னுல என்ன வருதுன்னு நோக்கு" என்று கையில் கொடுத்துவிட்டார். போர்டின் டிஎக்ஸ் (அனுப்பும்) பின்னான ஜிபிஐஓ21-ஐ அடாப்டரின் ஆர்எக்ஸில் (வாங்கும் பின்னில்) கொடுத்து, கிரவுண்டோடு கிரவுண்டைச் சேர்த்தேன். அடாப்டர் 3.3 வோல்ட் நிலையில் இருக்க வேண்டும். போர்டுக்கு அதன் சொந்த யூஎஸ்பியிலிருந்தே கரண்ட் வந்தால் அடாப்டரின் விசிசி (கரண்ட் தரும்) ஒயரைத் தொட வேண்டாம்.

அதற்குள் என் கணினியில் இருந்த உபுண்டு 22.04 ஒரு முட்டுக்கட்டை போட்டது. சிஎச்340 சிப் உள்ள அந்த அடாப்டரைச் செருகியதும் போர்ட் ஒரு நொடி தெரிந்து மறைந்தது. டிமெசெஜ் கட்டளை கொடுத்து கணினியின் பதிவுகளைப் பார்த்தால் பிஆர்எல்டிடிஒய் என்ற நிரல் அதைப் பிடித்துக்கொண்டது தெரிந்தது. அது பிரெய்ல் திரைகளுக்கான நிரல். என் கணினியில் யாருக்கும் தேவையில்லாததால் நீக்கினேன். பார்வையற்றவர் யாராவது அதே கணினியைப் பயன்படுத்தினால் நீக்கிவிடாதீர்கள்.

போர்ட் நிலைத்தது, மானிட்டரைத் திறந்தேன், வரி வரியாக வந்து விழுந்தது! போர்டு முதல் நாளிலிருந்தே பேசிக்கொண்டுதான் இருந்திருக்கிறது, வேறு வாசல் வழியாக. "மாமா, போர்டு சாகலை" என்று கத்தியேவிட்டேன். "அப்ப அந்தக் கடைக்காரன் சொன்னது என்ன மாப்ளே?" என்று அவர் கேட்டதற்கு எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

விஷயம் இதுதான். டூல்ஸ் மெனுவில் 'யூஎஸ்பி சிடிசி ஆன் பூட்' என்று ஒரு வரி இருக்கிறது. பொதுவான 'ஈஎஸ்பி32சி3 டெவ் மாட்யூல்' தேர்ந்தெடுத்தால் அது டிஸேபிள்டு நிலையில் இருக்கும். அப்போது சீரியல் பிரின்ட் எல்லாம் யூஏஆர்டி0 என்ற சீரியல் வழிக்கு, அதாவது ஜிபிஐஓ20, 21 பின்களுக்குப் போய்விடும். எனேபிள்டு ஆக்கி மறுபடி அப்லோட் செய்தால் யூஎஸ்பி வழியாக வரும். மெனுவில் மாற்றினால் மட்டும் போதாது, அப்லோட் செய்தே ஆக வேண்டும். மாற்றிய பிறகும் அந்தப் பின்களில் வரி அனுப்ப வேண்டுமானால் ஸ்கெட்சில் சீரியலுக்குப் பதில் சீரியல்0 என்று எழுதுங்கள்.

அடாப்டர் இல்லாதவர்களுக்கும் ஒரு துப்பு உண்டு. மானிட்டரைத் திறந்து வைத்து ரீசெட்டை அழுத்துங்கள். சிப்பின் பூட் வரிகள் வந்து, உங்கள் வரிகள் மட்டும் வரவில்லை என்றால் முதலில் இந்த செட்டிங்கைப் பாருங்கள். செட்அப்பில் (ஸ்கெட்சில் முதலில் ஒருமுறை ஓடும் பகுதியில்) எழுதிய முதல் வரிகள் மட்டும் காணாமல் போனால், தொடக்கத்தில் இரண்டு நொடி டிலே வையுங்கள். கணினி போர்ட்டைத் திறப்பதற்குள் அவை போய்விடும்.

ஜிபிஐஓ18, 19 இரண்டும் யூஎஸ்பி ஒயர்கள். அவற்றில் சென்சாரோ ரிலேவோ கொடுத்து அவுட்புட் ஆக்கினால் போர்ட்டே மறைந்துவிடும். பூட் பட்டனை அழுத்தியபடி ரீசெட் கொடுத்தால் போர்ட் திரும்ப வரும், உடனே சரியான ஸ்கெட்சை ஏற்றிவிடலாம். டீப் ஸ்லீப் (மின்சாரம் சேமிக்கச் சிப்பைத் தூங்க வைப்பது) போட்டாலும் தூங்கும் நேரத்தில் போர்ட் காணாமல் போகும். அதைக் கண்டு போர்டு போச்சு என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

வரிகள் வந்த பிறகு சூடு -127 என்று காட்டியது. சென்சார் பேசவில்லை என்பதற்கான எண் அது. டேட்டா ஒயருக்கும் 3.3 வோல்ட்டுக்கும் நடுவே 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்று வைத்ததும் சரியாகிவிட்டது. செத்துப்போனதாகச் சொன்ன முதல் போர்டு அடுப்புப் பக்கம் ஓடுகிறது. காசு கொடுத்து வாங்கிய இரண்டாவதை ஸ்டோரின் அடுத்த அறையில் மாட்டிவிட்டோம்.