எங்கள் விளையாட்டின் ஒரு நகரத்தை ஸ்லாட்டுக்குக் கொடுத்த 16 மாதங்கள்

இங்கிலாந்தில் ஒரு சின்னப் பதிப்பகத்தில் உரிமங்களைக் கவனிக்கும் வேலை எனக்கு. நாங்கள் போடுவது மேசை ஆர்பிஜி புத்தகங்கள். நான்கைந்து பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஒருவர் கதையை நடத்த, மற்றவர்கள் வீரராகவும் மந்திரவாதியாகவும் மாறி, 20 பக்கப் பகடையை உருட்டி ஆடுவது. 1974இல் அமெரிக்காவில் வந்த டன்ஜன்ஸ் & டிராகன்ஸ் தொடங்கிவைத்த வகை. எங்களுடையது அதன் பக்கத்தில் வைத்துப் பேசக்கூடிய அளவில்லை. ஆனாலும் 1980களில் ஆடத் தொடங்கியவர்கள் இன்று தங்கள் பிள்ளைகளோடு ஆடுகிறார்கள்.

2024 ஜனவரியில் ஒரு ஆன்லைன் ஸ்லாட் நிறுவனத்திடமிருந்து மின்னஞ்சல் வந்தது. ஸ்லாட் என்றால் பணம் கட்டிப் படச் சக்கரங்களைச் சுழற்றும் சூதாட்டம். எங்கள் பெயரையும் அரக்கர்களையும் வைத்து ஒரு ஸ்லாட் செய்ய உரிமம் கேட்டார்கள். வேண்டாம் என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது. ஆனால் அச்சுச் செலவு ஏறியிருந்தது, அடுத்த பதிப்புக்குப் பணம் போதவில்லை. "முழுசாகப் படித்துப் பார்த்துவிட்டு வேண்டாம் என்று சொல்லுங்கள்" என்றார் நிறுவனர். இந்தத் துறைக்கு இது புதிதும் அல்ல. டன்ஜன்ஸ் & டிராகன்ஸ் பெயரிலேயே சூதாட்ட இயந்திரங்கள் செய்யும் ஐஜிடி நிறுவனம் ஸ்லாட்டுகள் செய்திருக்கிறது. மோனோபொலி என்ற பலகை விளையாட்டின் பெயர் பல ஆண்டுகளாகச் சூதாட்டத்தில் இருக்கிறது.

படிக்க ஆரம்பித்ததும் முதலில் தடுத்து நிறுத்தியது எங்கள் சொந்தப் பொருள்தான். புதிதாக ஆட வருபவர்களுக்காக ஒரு பெட்டி விற்கிறோம். அதன் மேல் '10 வயதுக்கு மேல்' என்று அச்சிட்டிருக்கிறோம். பிரிட்டனின் சூதாட்ட விளம்பர விதிகள் 2022 அக்டோபர் 1 முதல் மாறிவிட்டன. அதற்கு முன், பெரியவர்களைவிடச் சிறுவர்களை அதிகம் கவர்கிறதா என்று பார்த்தார்கள். இப்போது, பெரியவர்களுக்கு எவ்வளவு பிடித்தாலும் சரி, 18 வயதுக்குக் கீழே இருப்பவர்களை வலுவாகக் கவரும் எதுவும் சூதாட்ட விளம்பரத்தில் வரக்கூடாது. பெட்டியை மேசையில் வைத்துக்கொண்டு அந்த விதியை இரண்டு முறை படித்தேன். பள்ளிகளில் விளையாட்டுக் குழுக்களுக்கு நாங்கள் இலவசமாக அனுப்புவதும் அதே பெட்டிதான். அட்டையில் இருக்கும் பச்சை டிராகனைப் பத்து வயதுப் பிள்ளை பார்த்தவுடன் அடையாளம் சொல்லும். அதே டிராகனைச் சூதாட்டத் தளத்தில் வைத்துவிட்டு, பிள்ளைகளை மனதில் வைத்துச் செய்யவில்லை என்று நாங்கள் யாரிடம் சொல்ல முடியும்?

இதற்கு வழி தேட மூன்று மாதம் ஆனது. 1990களில் பெரியவர்களுக்கென்றே ஒரு தனிக் கதை உலகத்தைப் புத்தகங்களாக வெளியிட்டிருந்தோம். கொள்ளைநோய் பிடித்த நகரம், கடன்காரர்கள், கல்லறைத் திருடர்கள். பிள்ளைகளுக்கான பொருள் எதிலும் அது வந்ததில்லை. அதை மட்டும் தருகிறோம், எங்கள் முக்கியப் பெயர் தலைப்பிலோ விளம்பரத்திலோ வரக்கூடாது, டிராகன் கிடையாது, 20 பக்கப் பகடையின் படமும் கிடையாது என்று எழுதி அனுப்பினோம். அவர்களுக்கு ஏமாற்றம். அவர்கள் தேடி வந்ததே அந்தப் பெயருக்காகத்தான். ஸ்லாட் ஓடினாலும் ஓடாவிட்டாலும் முன்பணமாகத் தருவதாகச் சொன்ன குறைந்தபட்ச உத்தரவாதத் தொகை பாதியானது. நிறுவனர் ஒரு நாள் யோசித்துவிட்டுச் சரி என்றார். எங்களையும் கட்டுப்படுத்தும் ஒரு ஷரத்தைச் சேர்த்தோம்: உரிமம் இருக்கும்வரை அந்த நகரத்தை வைத்துப் பிள்ளைகளுக்கு எதுவும் வெளியிட மாட்டோம்.

அப்புறம் வணிகக்குறி. எங்கள் முக்கியப் பெயர் 16, 28 வகுப்புகளில் பதிவாகியிருந்தது, அதாவது புத்தகங்கள், விளையாட்டுப் பொருட்கள். அந்த நகரத்தின் பெயரை யாரும் பதிவு செய்யவே இல்லை. மென்பொருளுக்கு 9, இயந்திரங்களுக்கு 28, சூதாட்டச் சேவைக்கு 41 என்று மூன்று வகுப்புகளில் விண்ணப்பித்தோம். அப்போது முதல் வகுப்புக்கு 170 பவுண்டு, கூடுதலான ஒவ்வொன்றுக்கும் 50 பவுண்டு கட்டணம் இருந்தது. அறிவிப்பு வெளியாகி இரண்டு மாதம் வரை யாரும் ஆட்சேபிக்கலாம். யாரும் ஆட்சேபிக்கவில்லை.

உண்மையில் கடினமாக இருந்தது பழைய படங்களின் ஓவியர்களைத் தேடியதுதான். சம்பளத்துக்கு வேலை செய்பவர் வரைந்தால் பதிப்புரிமை நிறுவனத்துக்கு. வெளியிலிருந்து வரைந்து தந்தவர் எழுதிக் கையெழுத்திட்டு மாற்றித் தராவிட்டால் அது அவருடையதே. அந்தக் காலத்தில் எங்கள் ஆட்கள் ஓவியர்களுக்குக் காசோலை அனுப்பினார்கள், காகிதம் எதுவும் வாங்கவில்லை. பழைய புத்தகங்களில் 11 பேரின் படங்கள். ஒருவர் காலமாகிவிட்டார், அவர் மகளிடம் பேசினோம். எட்டுப் பேர், பெரும்பாலும் மகிழ்ச்சியாகவே, கையெழுத்திட்டார்கள். ஒருவரைக் கண்டுபிடிக்கவே முடியவில்லை, அவர் படங்களை ஒதுக்கினோம்.

மீதம் ஒருவர். நகரத்தின் கதவையும் காவல் பூதத்தையும் வரைந்தவர். தொலைபேசியில் பேசினேன். தன் தம்பி பந்தயக் கடைகளில் வீட்டை இழந்தவன் என்றார். "புத்தகத்தில் எத்தனை முறை வேண்டுமானாலும் அச்சிடுங்கள், பணமே வேண்டாம். அந்தத் திரையில் மட்டும் என் பூதம் வரக்கூடாது" என்றார். புதிதாக யாரையாவது அதே மாதிரி வரையச் சொல்லலாமே என்று ஸ்லாட் நிறுவனத்தில் கேட்டார்கள். நான் மறுத்தேன். சட்டப்படி அது எவ்வளவு தூரம் செல்லும் என்று நான் விசாரிக்கவே இல்லை. அவர் வேண்டாம் என்று சொன்னது எனக்குப் போதுமாக இருந்தது. கதவும் பூதமும் இல்லாமலே அந்த ஸ்லாட் வெளியானது.

வடிவமைப்பு ஒப்புதலில் நான் பிடிவாதமாக நின்ற இடம் இன்னொன்று. 2021 அக்டோபர் 31 முதல் பிரிட்டனில் ஆன்லைன் ஸ்லாட் ஒரு சுற்றுக்கு 2.5 விநாடியாவது எடுக்க வேண்டும். தானாகச் சுழலும் வசதி கூடாது. 1 பவுண்டு கட்டி 40 பென்ஸ் திரும்பி வந்தால் அதை வெற்றி போல ஒளியும் ஒலியும் போட்டுக் கொண்டாடக்கூடாது. ஆனால் வேறு பல நாட்டுப் பதிப்புகளில் இதெல்லாம் கட்டாயமில்லை. அவர்கள் காட்டிய சோதனைப் பதிப்பில் 40 பென்ஸுக்கும் எங்கள் நகரத்து மணி அடித்தது. ஆட்டக்காரர்கள் பிழைத்து வரும்போது அடிப்பதாக எங்கள் கதையில் எழுதப்பட்ட மணி அது. இந்த மூன்று விதிகளும் இந்த ஸ்லாட் போகும் எல்லா நாட்டிலும் பொருந்தும் என்று ஷரத்து எழுதிய பிறகுதான் ஒப்புதல் தந்தேன். நாடுகளின் பட்டியலிலிருந்து இந்தியாவையும் நீக்கச் சொன்னேன். ஆன்லைன் ரம்மிக் கடனில் உயிர்விட்டவர்கள் பற்றி ஊரிலிருந்து வந்த செய்திகளைப் படித்தவள் நான். அதில் யாரும் எதிர்வாதம் செய்யவில்லை.

பணக் கணக்கைச் சொல்லிவிடுகிறேன், இதில் ஏமாறுவது எளிது. ஆடுபவர்களுக்கு ஸ்லாட் திரும்பக் கொடுக்கும் விகிதம் 96% என்றால், கட்டப்படும் 100 பவுண்டில் நீண்ட காலச் சராசரியாகச் சூதாட்டத் தளத்திடம் தங்குவது 4 பவுண்டு. அதில் அப்போதைய வரி 21%, அதாவது 84 பென்ஸ் போனது. பிறகு வாடிக்கையாளருக்குத் தரும் போனஸ் கழியும். மிச்சத்தில் ஒரு பங்கு ஸ்லாட் நிறுவனத்துக்கு, அதில் ஒரு சதவீதம் நமக்கு. எத்தனை சதவீதம் என்று பேரம் பேசுவதைவிட, எதன் மேல் சதவீதம் என்பதையே பேச வேண்டும். போனஸ் கழிவுக்கு ஒரு உச்சவரம்பு வாங்கினோம். வரிக்கு வாங்க முடியவில்லை. 2025 நவம்பர் பட்ஜெட்டில், 2026 ஏப்ரல் முதல் அந்த வரி 40% என்று அறிவித்தார்கள். 84 பென்ஸ் 1.60 பவுண்டு ஆகும். அன்று இரவு குறைந்தபட்ச உத்தரவாத ஷரத்தை எடுத்து மறுபடி படித்தேன்.

பேச்சு முடியும் நேரத்தில் பந்தய வரம்பும் வந்தது: 2025 ஏப்ரல் 9 முதல் ஒரு சுற்றுக்கு 5 பவுண்டு, மே 21 முதல் 18–24 வயதினருக்கு 2 பவுண்டு. உத்தரவாதத் தொகையை இன்னும் கொஞ்சம் குறைத்தார்கள். எனக்கு அந்த வரம்பு வந்ததில் நிம்மதிதான்.

அந்த மே மாதக் கடைசியில் கையெழுத்தானது. மூன்று ஆண்டு, தானாகப் புதுப்பிக்கப்படாது. இலையுதிர் காலத்தில் ஸ்லாட் வெளியானது. முதல் காலாண்டுக் கணக்கு வந்ததும் ஒவ்வொரு எண்ணாகச் சரிபார்த்தேன். போனஸ் கழிவு உச்சவரம்பைத் தாண்டியிருந்தது. ஷரத்தின் எண்ணைக் குறிப்பிட்டு எழுதினேன், பத்து நாளில் திருத்தி அனுப்பினார்கள். வந்த பணம் புதிய பதிப்பின் அச்சகத்துக்குப் போயிருக்கிறது. அதன் 3ஆம் பக்கத்தில் கதவும் காவல் பூதமும் இருக்கின்றன.