பேர் வைக்கும் முன்: ஜூன் மாதக் குறிப்புகள்

ஜூன் 2

பெரும்பாலான வீடுகளில் பேர்ப் பேச்சு நட்சத்திர எழுத்தில்தான் ஆரம்பிக்கிறது. நானும் அங்கிருந்தே தொடங்குகிறேன். குழந்தை பிறந்த நட்சத்திரப் பாதத்துக்கு உரிய எழுத்தில் பெயர் தொடங்க வேண்டும் என்பது வழக்கம். 27 நட்சத்திரம், ஒவ்வொன்றுக்கும் 4 பாதம், ஆக 108 எழுத்து. அசுவினிக்கு சு, சே, சோ, லா. ரோகிணிக்கு ஓ, வா, வீ, வூ. சந்திரன் ஒரு நட்சத்திரத்தைக் கடக்க ஏறக்குறைய ஒரு நாள் எடுக்கும் என்பதால் ஒரு பாதம் சுமார் ஆறு மணி நேரம். பாதம் மாறுகிற வேளையில் பிறந்த குழந்தைக்குப் பத்து நிமிடம் முன்பின் குறித்தாலும் எழுத்து மாறிப்போகும்.

அதைவிட அதிகம் குழப்புவது பஞ்சாங்கம். வாக்கியம், திருக்கணிதம் என்று பஞ்சாங்கம் இரண்டு வகை, இரண்டுக்கும் நட்சத்திரம் முடிகிற நேரமே வேறு. செயலி 'வா' என்று காட்டும், ஊர் ஜோசியர் 'வீ' என்பார். இரண்டு பேரிடமும் தப்பு இல்லை, கணக்கு முறைதான் வேறு. வீட்டில் கல்யாணம் காட்சிக்கு எந்தப் பஞ்சாங்கம் பார்க்கிறீர்களோ அதையே இதற்கும் வைத்துக்கொள்ளுங்கள். மூன்றாவதாக ஒருவரிடம் கேட்கப் போனால் பேச்சு முடியாது.

தனித்தமிழ்ப் பெயர்தான் வேண்டும் என்பவர்களுக்குப் பரணி பெரிய முட்டுக்கட்டை. அதற்கு லீ, லூ, லே, லோ. தமிழ் மரபில் லகரம் சொல்லுக்கு முதலில் வராது, அதனால் அந்த நான்கிலும் தமிழ்ப் பெயர் தேடி அலைய வேண்டாம். திருவாதிரையின் ஒரு பாதத்துக்குப் பட்டியலில் 'ங' என்றே போட்டிருப்பார்கள். இப்படிப்பட்ட இடங்களில் பல குடும்பங்கள் காலங்காலமாகச் செய்வது ஒன்று உண்டு: பெயர் சூட்டும் புண்ணியாகவாசனச் சடங்கன்று காதில் ஓதுவது நட்சத்திரப் பெயர், ஊர் கூப்பிடுவதும் பதிவேட்டில் ஏறுவதும் மனசுக்குப் பிடித்த பெயர். நல்ல வழி. எழுத்துக்காகப் பிடிக்காத பெயரைப் பிள்ளை தலையில் கட்ட வேண்டியதே இல்லை.

ஜூன் 5

இப்போதைய ருசி சின்னப் பெயர். மூன்று எழுத்து, மிஞ்சினால் நான்கு. ஆண் பிள்ளைக்கு ஷ், க், வ் என்று முடிய வேண்டும், பெண் பிள்ளைக்கு ஆகாரத்தில் முடிய வேண்டும் என்று கேட்கிறார்கள்.

இரண்டு தலைமுறைக்கு முன் ருசி நேர் எதிராக இருந்தது. திராவிட இயக்கத்தில் நாராயணசாமி நெடுஞ்செழியன் ஆனார், இராமையா அன்பழகன் ஆனார். அந்தக் காற்றில் கயல்விழி, பூங்கோதை, தமிழ்ச்செல்வி என்று நீளமும் நிமிர்வுமாகப் பெயர்கள் வந்தன. அந்தப் பெயர்க்காரர்களின் பேரப்பிள்ளைகளுக்குத்தான் இன்று மூன்று எழுத்தில் தேடுகிறார்கள்.

சின்னப் பெயர் வேண்டும் என்பதற்காகத் தமிழை விட்டுப் போக வேண்டியதில்லை. சங்கப் பாட்டில் பாரி, ஓரி, காரி எல்லாம் இரண்டே எழுத்து. ஆதன் என்ற பெயர் கீழடிப் பானை ஓட்டில் தமிழி என்ற பழந்தமிழ் எழுத்தில் கீறப்பட்டிருக்கிறது. அதற்கு மேல் பழமையும் சுருக்கமும் சேர்ந்த பெயர் வேறு என்ன வேண்டும்! பெண் பிள்ளைக்குக் கோதை இருக்கிறது. ஆதிரை இருக்கிறது: மணிமேகலையின் அமுதசுரபியில் முதல் பிச்சை இட்டவள் பெயர். இவை ஏன் பட்டியல்களில் பின்னுக்குக் கிடக்கின்றன என்பது எனக்குத் தீராத வருத்தம்.

பட்டியல்களில் பெயருக்குப் பக்கத்தில் போட்டிருக்கும் பொருளை நம்பி முடிவு செய்யாதீர்கள். பொருள் தெரியாத பெயருக்கெல்லாம் 'லட்சுமி', 'வெற்றி', 'கடவுளின் பரிசு' என்று நிரப்பி வைத்திருக்கிறார்கள். தமிழ்ச் சொல் என்றால் சென்னைப் பல்கலைக்கழகப் பேரகராதியில் தேடுங்கள். 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்தது, இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. வடசொல் என்றால் மோனியர் வில்லியம்ஸ் அகராதி. இரண்டிலும் இல்லாத பெயர் பெரும்பாலும் புதிதாகக் கட்டியது. புதிதாகக் கட்டிய பெயர் வைப்பதில் குற்றம் எதுவும் இல்லை. ஆனால் அதற்கு ஆயிரம் வருஷப் பொருள் சொல்லிக்கொள்ள முடியாது.

ஜூன் 9

பட்டியல் ஐந்தாறு பெயருக்குச் சுருங்கியதும் வாயில் போட்டுப் பார்க்க வேண்டும்.

மாடியிலிருந்து தெருவில் விளையாடுகிற பிள்ளையைக் கூப்பிடுவது போல உரக்கச் சொல்லுங்கள். தமிழ் நாக்கு க், வ் போன்ற மெய்யில் நிற்காது, ஒரு உகரத்தைச் சேர்த்துவிடும். கார்த்திக், கார்த்திக்கு ஆகிறான். துருவ், துருவ்வு ஆகிறான். அது காதுக்கு உறுத்தவில்லை என்றால் வைக்கலாம். பிறகு வேற்றுமை உருபு சேருங்கள்: ஆதனுக்கு, ஆதனை, ஆதனோட. யாழினிக்கு, யாழினியை, யாழினியோட. வழுக்கிக்கொண்டு போகிறதா என்று பாருங்கள். ஒரு நாளில் ஐம்பது தடவை பெயர் இப்படித்தான் வாயில் வரப்போகிறது, தனியாக வருவது குறைவு.

அடுத்தது பெயருக்கு முன் வரும் தலையெழுத்து, அதாவது இனிஷியல். இதை அனேகம் பேர் மறந்துவிடுகிறார்கள். அப்பா பெயர் பேச்சிமுத்து, மகள் யாழினி என்றால் வருகைப் பதிவேட்டில் 'பே. யாழினி'. வாத்தியார் சேர்த்து வாசித்தால் முதலில் காதில் விழுவது 'பேய்'. வகுப்பில் ஒருவன் போதும், பன்னிரண்டாவது வரை அதுவே பட்டப்பெயராகிவிடும். தமிழிலும் ஆங்கிலத்திலும் இரண்டு தலையெழுத்தோடும் எழுதி, வேகமாக வாசித்துப் பாருங்கள். இடித்தால் அம்மாவின் தலையெழுத்தையும் முன்னால் சேர்க்கலாம். இடிக்காவிட்டாலும் சேர்க்கலாம், சேர்ப்பது நல்லது என்பேன்.

வீட்டில் மூத்த பிள்ளை இருந்தால் இரண்டு பெயரும் ஒரே எழுத்தில் தொடங்கி ஒன்றுபோலவே ஒலிக்க வேண்டாம். கவின், கவின்யா என்று வைத்துவிட்டுக் கூப்பிட்டால் இரண்டும் திரும்பிப் பார்க்கும்.

ஜூன் 12

ஆங்கில எழுத்து. இங்கேதான் அதிகச் சேதம்.

ழகரத்துக்கு 'இசட் ஹெச்' போடுவது நம் பழக்கம். வடக்கே போனால் யாழினியை 'யாஸ்ஹினி' என்று வாசிப்பார்கள். 'எல்' போட்டால் யாலினி. நான் 'இசட் ஹெச்' பக்கம்: தமிழர்களாவது சரியாக வாசிப்பார்கள், மற்றவர்களுக்கு ஒரு தடவை சொல்லிக் கொடுத்தால் போதும். தகரத்துக்கு ஹெச் இல்லாமல் வெறும் 'டி' போட்டால் வெளியில் டகரமாகிவிடும். குகனுக்கு 'கே'யா 'ஜி'யா என்பதை வீட்டில் எல்லோரும் ஒரு தடவை முடிவு செய்து, ஒரு தாளில் எழுதி ஒட்டிவிடுங்கள். தாத்தா ஒரு விதமாகவும் மாமா ஒரு விதமாகவும் படிவம் நிரப்பக் கூடாது.

எண் கணிதம் பார்ப்பவர்களுக்கு. ஆங்கில எழுத்து ஒவ்வொன்றுக்கும் ஒரு எண் கொடுக்கும் கல்தேய முறையில் கவின் என்பதைக் கூட்டினால் கே 2, ஏ 1, வி 6, ஐ 1, என் 5, மொத்தம் 15. எண் பிடிக்கவில்லை என்றால் ஜோசியர் ஒரு ஏ கூட்டுவார், 16. அல்லது ஐ-யை எடுத்துவிட்டு இரண்டு 'இ' போடுவார், 24. காகிதத்தில் எண் சரியாகிவிடும், ஆனால் முதலாவதைக் காவின் என்றும் அடுத்ததைக் கவீன் என்றும் படிப்பார்கள். கூட்டியே ஆக வேண்டும் என்றால் உயிரெழுத்தில் கை வைக்காதீர்கள். கடைசி மெய்யை இரட்டிக்கச் சொல்லுங்கள்: என் இன்னொன்று, 20. ஓசை கெடாது.

ஜூன் 16

குலதெய்வப் பெயர், தாத்தா பாட்டி பெயர். இசக்கி, சுடலை, கருப்பசாமி, பேச்சி. இவற்றைப் 'பழசு' என்று ஒதுக்குகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. ஒரு பெயரைக் கேட்டதும் தாமிரபரணிக் கரை என்று ஊர் தெரிவது எவ்வளவு பெரிய சொத்து. இரண்டு வீட்டுப் பெரியவர்களும் அவரவர் பெயரைக் கேட்டால், இரண்டையும் சேர்த்து நீளமாக்குவதைவிட ஒன்றைப் பதிவுக்கும் ஒன்றைத் தொட்டிலுக்கும் வைப்பது நிம்மதி. இரண்டும் பதிவில் வேண்டும் என்றால் இடைவெளி விடாமல் ஒரே சொல்லாக எழுதுங்கள். இடைவெளி விட்டால் பிற்பாடு ஏதாவது ஒரு படிவம் பின்பாதியைக் குடும்பப் பெயராக்கிவிடும்.

ஜூன் 19

தாள் வேலை. பிறப்பை 21 நாளுக்குள் பதிய வேண்டும். பெயர் அப்போதே இருக்க வேண்டும் என்று சட்டம் கேட்கவில்லை. பெயரில்லாமல் பதிந்துவிட்டு 12 மாதத்துக்குள் கட்டணமின்றிச் சேர்க்கலாம், அதன் பிறகு 15 வருஷம் வரை தாமதக் கட்டணத்தோடு. ஆகவே ஆஸ்பத்திரியில் படிவத்தை நீட்டினார்கள் என்று அவசரத்தில் எதையாவது எழுத வேண்டாம்.

2023 அக்டோபர் 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்களுக்குப் பள்ளிச் சேர்க்கை, ஓட்டுநர் உரிமம், பாஸ்போர்ட் முதலானவற்றில் பிறந்த தேதிக்கும் இடத்துக்கும் பிறப்புச் சான்றிதழே ஆதாரம். அதில் என்ன எழுத்தோ அதுவே பின்னால் வரும் எல்லாத் தாளிலும். ஆதாரில் பெயரை ஆயுளுக்கு இரண்டு தடவைதான் திருத்த விடுவார்கள்.

பாஸ்போர்ட்டில் தலையெழுத்தைச் சுருக்கமாகப் போட முடியாது, விரித்து எழுத வேண்டும். குடும்பப் பெயர்க் கட்டத்தைக் காலியாக விட்டால் ஒற்றைப் பெயராகிவிடும். 2022 நவம்பரில் அப்படிப்பட்ட பாஸ்போர்ட்டோடு சுற்றுலா விசாவில் வருகிறவர்களுக்கு அமீரகம் கட்டுப்பாடு கொண்டுவந்தது. அதனால் அப்பா பெயரோ அம்மா பெயரோ அந்தக் கட்டத்தில் வரும். வெளிநாட்டில் பிள்ளையை அந்தப் பெயரிலேயே கூப்பிடவும் செய்வார்கள். எது வர வேண்டும் என்பதை இப்போதே பேசி வையுங்கள்.

கடைசியாக, நம் மாநிலச் சான்றிதழில் பெயர் தமிழிலும் ஆங்கிலத்திலும் இருக்கும். ஆங்கிலத்தை மட்டும் சரிபார்த்துவிட்டுத் தமிழை விட்டுவிடுகிறவர்கள் நிறைய. ல, ள, ழ, ர, ற, ன, ண. இந்த ஏழு எழுத்தில் எது உங்கள் பிள்ளை பெயரில் இருந்தாலும் அச்சுக்குப் போகும் முன் எழுத்து எழுத்தாக விரல் வைத்துப் படியுங்கள். யாழினி 'யாளினி' என்று ஏறிவிட்டால், பிறகு திருத்த மனு எழுதிக்கொண்டு அலுவலகத்துக்கு நடக்க வேண்டும்.