லிஸ்ட் மாறுதுன்னு பயந்தேன், கடைசியில கவுத்தது ஒரு லெட்டர்

நான் மேக்ஸ் டீச்சர், ஆறாவதுல இருந்து பத்தாவது வரைக்கும் எடுக்கறேன். ஆஸ்திரேலியா 189 விசா (கம்பெனியோ மாநிலமோ கூப்பிடாமலே பாயிண்ட் கணக்குல நிரந்தரமா போற விசா, நம்ம வேலை அவங்க லிஸ்ட்ல இருக்கணும்) கிராண்ட் ஆகிடுச்சு. சந்தோஷம்தான், ஆனா அதைப் பத்தி ஒரு வரிக்கு மேல எழுத வர மாட்டேங்குது, வழியில பட்ட கடுப்புதான் முன்னால வந்து நிக்குது.

ஆரம்பிச்சது 2023 ஜனவரியில. கூட படிச்சவ ஒருத்திக்கு 2022 டிசம்பர் ரவுண்ட்ல (அப்பப்ப பாயிண்ட் பார்த்து அப்ளை பண்ணக் கூப்பிடுவாங்க) இன்விடேஷன் வந்துடுச்சு, வெறும் 65 பாயிண்ட்ல. அதுக்குக் கொஞ்ச நாள் முன்னாடி, அக்டோபர் 28ல, ஹெல்த்கேர், டீச்சிங் ரெண்டு ஃபைலையும் முதல்ல எடுங்கன்னு அங்க டைரக்‌ஷன் 100னு ஒரு உத்தரவு போட்டிருந்தாங்க. "இப்ப விட்டா போச்சுடி, நாளைக்கே லிஸ்ட்டை மாத்திடுவான்"னு அவ சொல்ல, நானும் அடிச்சுப் புடிச்சு ஒரு கன்சல்டன்ட்கிட்ட ஓடினேன். முதல் தப்பு அதுதான்.

அந்த ஆள் ஃபைலைப் புரட்டக்கூட இல்ல, "மேடம், ஆறு ஏழு எல்லாம் சின்ன கிளாஸ்தானே, பிரைமரி டீச்சர்னு போட்டுடலாம், ஈஸியா வந்துடும்"னார். பிரைமரி கோட் 241213, செகண்டரி கோட் 241411. பார்க்க பெருசா வித்தியாசம் தெரியாது. ஆனா 2017 ஏப்ரல்ல பழைய லிஸ்ட்டை உடைச்சப்ப செகண்டரி போனது எம்எல்டிஎஸ்எஸ்எல் பக்கம், பிரைமரி போனது எஸ்டிஎஸ்ஓஎல் பக்கம் (பேரு வைக்கறவனுக்கு வாயில நுழையுமான்னு ஒரு யோசனையே கிடையாது). எஸ்டிஎஸ்ஓஎல்ல இருந்தா 189 கிடையவே கிடையாது, ஏதாவது ஒரு மாநிலம் கூப்பிட்டாதான் உண்டு. அதை விடுங்க, டீச்சர் படிப்பு அங்க செல்லுமான்னு அசெஸ்மென்ட் பண்ற ஏஐடிஎஸ்எல்ங்கற அமைப்பு, நீங்க பி.எட்ல எந்த வயசுப் பசங்களுக்குப் பாடம் எடுக்கப் பழகினீங்கன்னும் பார்க்கும். என் பி.எட் முழுக்க செகண்டரி. பிரைமரின்னு போட்டிருந்தா கட்டின காசு அப்படியே போயிருக்கும். ராத்திரி ஒரு மணிக்கு உட்கார்ந்து அவங்க கைடை வரி வரியா படிச்சதால தப்பிச்சேன். கோட் எதுன்னு நீங்களே படிச்சு முடிவு பண்ணுங்க, யார் சொன்னாலும் சரி.

அடுத்து அந்த லெட்டர். ஏஐடிஎஸ்எல்லுக்கு குறைஞ்சது 45 நாள் டீச்சிங் பிராக்டிஸ் பண்ணினதுக்கு ஆதாரம் வேணும். நான் ரெண்டு வருஷ பி.எட், எங்களுக்கு இன்டர்ன்ஷிப்பே 20 வாரம், அதனால அலட்சியமா இருந்தேன். காலேஜ் ஆபீஸ் கிளார்க், "அதெல்லாம் சர்டிபிகேட்லயே இருக்கே மேடம், தனியா லெட்டர் எல்லாம் நாங்க குடுக்கறதில்ல"ன்னு திருப்பி அனுப்பிட்டார். ரெண்டாவது தடவை லீவு போட்டுட்டு போனா பிரின்சிபால் லீவு. மூணாவது தடவை ஒரு வழியா குடுத்தார், அதுவும் யாருக்கோ எப்பவோ அடிச்ச பழைய லெட்டர்ல என் பேரை மட்டும் மாத்தி, ஹி-ஷி ரெண்டுல ஒண்ணைக்கூட அடிக்காம, "டீச்சிங் பிராக்டிஸ் திருப்திகரமாக முடித்துள்ளார், வாழ்த்துகள்"னு நாலு வரி. எத்தனை நாள், எந்த கிளாஸ், எந்த சப்ஜெக்ட், ஒண்ணும் இல்ல. "சார், நாள் கணக்கு போடணும்"னா, "வாரம் போட்டா அவங்களுக்குக் கணக்கு தெரியாதா"ன்னு என்னையே கேட்டார். மேக்ஸ் டீச்சரைப் பார்த்து!

கடைசியில நானே வீட்டுல டைப் பண்ணி எடுத்துட்டுப் போனேன். மொத்த நாள், எந்த வகுப்பு, பசங்க வயசு, சப்ஜெக்ட், யார் மேற்பார்வை, எல்லாம் போட்டு, இதை அப்படியே லெட்டர்பேட்ல எடுத்துக் குடுங்க சார்னு நின்னேன். ரெஜிஸ்டரை எடுத்து நாளைச் சரிபார்க்கவே ரெண்டு நாள் ஆச்சு, ஆனா குடுத்துட்டாங்க. மூணு ஒரிஜினல் கேட்டு வாங்கினேன், மூணுலயும் சீல், மூணுலயும் கையெழுத்து. கிளார்க் என்னை ஒரு மாதிரி பார்த்தார், பார்க்கட்டும்.

இதுக்கு நடுவுல ஐஇஎல்டிஎஸ் இங்கிலீஷ் டெஸ்ட். விசாவுக்கு 10 பாயிண்ட் வாங்க நாலுலயும் 7 போதும், ஆனா டீச்சருக்கு ஏஐடிஎஸ்எல் ரீடிங், ரைட்டிங் 7, லிசனிங், ஸ்பீக்கிங் 8 கேட்கும், அதுவும் அகாடெமிக்தான். எனக்கு ஸ்பீக்கிங் 7.5. திருப்பி எழுதினேன், 7.5. மூணாவது தடவையும் 7.5 வந்தப்ப போனைத் தூக்கிப் போட்டுட்டுப் படுத்துட்டேன். வீட்டுக்காரர்தான் மறுமதிப்பீடு கேட்டுப் பாரு, எழுதின நாள்ல இருந்து ஆறு வாரம் டைம் இருக்குன்னார். கேட்டேன். 8 ஆச்சு, கட்டின ஃபீஸும் திரும்பி வந்துடுச்சு. அரை பாயிண்ட்ல நிக்கறவங்க அடுத்த டெஸ்ட் புக் பண்றதுக்கு முன்னாடி இதை யோசிங்க.

இப்படியே ஒன்றரை வருஷம் ஓடிடுச்சு. நடுவுல இங்கிலாந்து போலாமான்னு ஒரு சபலம் வேற, ஏன்னா 2023 பிப்ரவரியில இருந்து நம்ம ஊர் மேக்ஸ், சயின்ஸ் டீச்சருக்கும் க்யூடிஎஸ், அதாவது அங்க டீச்சருக்கான தகுதி, குடுக்க ஆரம்பிச்சாங்க. அதைப் படிச்சுப் புரிஞ்சுக்கறதுக்குள்ள 2024 ஏப்ரல்ல அவங்க ஷார்டேஜ் லிஸ்ட்டையே தூக்கிட்டு வேற பேருல வேற லிஸ்ட் கொண்டு வந்துட்டாங்க. அங்கயும் இதே கூத்துதான்னு அந்தப் பக்கமே போகல.

2024 ஜூலையில ஏஐடிஎஸ்எல் பாசிட்டிவ் வந்துச்சு, அதே வாரம் ஈஓஐ, அதாவது விசாவுக்கு விருப்ப மனு, போட்டேன். வயசுக்கு 30, டிகிரிக்கு 15 (எம்.எஸ்சி இருந்தாலும் அதே 15தான், அந்த ரெண்டு வருஷம் இங்க கணக்குல வராது), இங்கிலீஷ் 10, அனுபவம் 10, வீட்டுக்காரர் இங்கிலீஷுக்கு 5, ஆக 70. 33 வயசு ஆயிட்டா அதுல 5 போயிடும், எனக்கு 31. மாநிலம் வழியா 190 கிடைச்சா 5 கூடும், 491னா 15 கூடும்னு அதையும் பார்த்தேன். ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஒரு லிஸ்ட், சில இடத்துல அங்கேயே இருக்கறவங்களுக்குத்தான் முன்னுரிமை, ஜூலையில அவங்க விசா வருஷம் மாறினா எப்ப திறப்பாங்கன்னே தெரியாது. இதுல சொந்தக்காரர் ஒருத்தர் "டீச்சர் பற்றாக்குறை லிஸ்ட்ல உன் வேலை இருக்கு, உனக்கு விசா கன்ஃபார்ம்"னு வாட்ஸ்அப்ல அனுப்பறார். அது அங்க எந்த வேலைக்கு ஆள் பத்தலன்னு வருஷா வருஷம் எடுக்கற கணக்கு. அதுல பேரு இருக்கறதால மட்டும் யாருக்கும் விசா வராது. அவருக்கு விளக்கறதுக்குள்ள எனக்கே குழம்பிடுச்சு.

இன்னொண்ணு, ஈஓஐ போட்டா லிஸ்ட்ல இடம் புடிச்சாச்சுன்னு நிறைய பேர் நினைக்கறாங்க. இல்லவே இல்ல. இன்விடேஷன் வர்ற அன்னைக்கு உங்க வேலை அந்த லிஸ்ட்ல இருக்கணும், அதுக்கு முன்னாடி தூக்கிட்டா ஈஓஐ சும்மா கிடக்கும். அதனால ஜூலையில இருந்து நவம்பர் வரைக்கும் காலையில எழுந்ததும் பல்லு கூட விளக்காம மெயில் பார்க்கறதே வேலை.

நவம்பர் ரவுண்ட்ல வந்துச்சு. அப்ளை பண்ண 60 நாள். பணம் புரட்டிட்டு இருக்கேன், டிசம்பர் 7ஆம் தேதி சிஎஸ்ஓஎல்னு புது லிஸ்ட் அமலுக்கு வருது, 456 வேலை. மறுநாளே பழைய கன்சல்டன்ட் போன்: "மேடம், பழைய லிஸ்ட் எல்லாம் கேன்சல், உங்க இன்விடேஷன் செல்லாது, புதுசா ஃபைல் ஓபன் பண்ணணும், ஃபீஸ் தனி." எனக்குக் கை காலே ஓடல. அப்புறம் உட்கார்ந்து படிச்சா, அந்த லிஸ்ட் கம்பெனி ஸ்பான்சர் பண்ற 482, 186க்குத்தான். 189, 190, 491 எல்லாம் பழைய லிஸ்ட்லயே இருக்கு, அதுக்கும் மேல எனக்கு இன்விடேஷனே வந்தாச்சு. அந்தப் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து அந்த ஆளுக்கு அனுப்பினேன். ப்ளூ டிக் விழுந்துச்சு, பதில் இன்னைக்கு வரைக்கும் வரல.

மெடிக்கல், போலீஸ் கிளியரன்ஸ் எல்லாம் ஒரு தொல்லையும் இல்லாம முடிஞ்சது.

கிராண்ட் வந்த மறுநாள்தான் டீச்சர் ரெஜிஸ்ட்ரேஷன் பக்கத்தைத் திறந்தேன். விசா கையில இருந்தாலும் அங்க கிளாஸ்குள்ள போக அந்தந்த மாநில போர்டுல தனியா பதியணும், ஏஐடிஎஸ்எல் பாசிட்டிவ் அதுக்குப் பதிலா ஆகாது. கேட்கற பேப்பர் லிஸ்ட்ல கீழ வந்துட்டே இருக்கேன், நடுவுல நிக்குது: டீச்சிங் பிராக்டிஸ் பண்ணின நாட்களுக்குக் கல்லூரி கடிதம். பீரோல இருந்து ரெண்டாவது ஒரிஜினலை எடுத்து ஸ்கேன் பண்ணி ஏத்திட்டேன். இன்னும் ஒண்ணு மிச்சம் இருக்கு.