பூசணிப் பிஞ்சில் ஐசாக்ஸீசிஸ்: இரண்டாவது காயில் கோடு நேராக வந்துவிட்டது

பூசணியின் அகலத்துக்கு எதிராக நீளத்தை, லாக் (மடக்கை) அளவுகோல் கொண்ட வரைபடத்தில் புள்ளி வைத்துப் போட்ட கோட்டின் சாய்வு 1.01. சாய்வு 1 என்றால் காய் வடிவம் மாறாமல் வளர்ந்திருக்கிறது என்று அர்த்தம். நேற்றிரவு மூன்று முறை கணக்குப் போட்டுப் பார்த்தேன், மூன்று முறையும் அதேதான்.

முதல் காயில் 1.13 வந்ததிலிருந்து எனக்கு நிம்மதியில்லை. அன்று பூத்த பெண்பூவின் அடியிலிருந்த பிஞ்சு நீளம் 20 மி.மீ., அகலம் 24 மி.மீ. என்று எழுதி வைத்திருந்தேன். முற்றியபோது நீளம் 224, அகலம் 205. தட்டையாகத் தொடங்கி நெட்டையாக முடிந்திருக்கிறது என்றுதானே அர்த்தம்? ஆனால் தினமும் பார்த்த கண்ணுக்கு அந்தக் காய் வடிவம் மாறியதாகவே படவில்லை. சின்னப் பூசணி அப்படியே பெரிய பூசணி ஆனது போலத்தான் இருந்தது.

ஒரு உறுப்பின் பாகங்கள் ஒரே வீதத்தில் வளர்ந்து, விகிதம் குலையாமல் இருப்பதற்குப் பெயர் ஐசாக்ஸீசிஸ். பாகங்களின் வளர்ச்சியை ஒன்றோடொன்று ஒப்பிடும் அலோமெட்ரி என்ற சொல் 1936-இல் ஹக்ஸ்லி, டெய்சியே என்ற உயிரியலாளர்கள் கொடுத்தது. அது துறையில் எல்லோருக்கும் தெரியும். 1940-இல் நீதமும் லெர்னரும் ஒப்பு வளர்ச்சிக்கான சொற்களை ஒழுங்குபடுத்தியபோது ஐசாக்ஸீசிஸ், டாக்கியாக்ஸீசிஸ், பிராடியாக்ஸீசிஸ் என்று பிரித்தார்கள்: சமமாக, வேகமாக, மெதுவாக. ஆக்ஸின் என்ற தாவர ஹார்மோன் பெயரும் ‘வளர்தல்’ என்ற அதே கிரேக்க வேரிலிருந்து வந்ததுதான். இவ்வளவு பொருத்தமான சொல் ஏன் புழக்கத்தில் நிற்கவில்லை என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

சரி, தப்பு எங்கே நடந்தது? தொடக்க அளவில். லாக் அளவுகோலில் பிஞ்சுப் பருவத்து 3 மி.மீ. பிழையும் முற்றிய காயின் 3 மி.மீ. பிழையும் ஒன்றல்ல. 20-க்கு 3 என்றால் 15 சதவீதம். 200-க்கு 3 என்றால் 1.5 சதவீதம். நான் பெரிய காயை அளக்கத்தான் மெனக்கெட்டேன். பிஞ்சை அவசரமாக அளந்துவிட்டு நகர்ந்தேன்.

பிஞ்சின் காம்புப் பக்கம்தான் சிக்கல். காம்பு எங்கே முடிகிறது, காய் எங்கே தொடங்குகிறது என்று கோடு போட்டுக் காட்ட முடியாது. மெல்ல அகன்று காயாகிவிடுகிறது. முதல் முறை கண் மட்டத்தில் ஒரு இடத்தை வைத்து அளந்தேன், அது 3 மி.மீ. உள்ளே தள்ளியிருந்திருக்கிறது. இப்போது பக்கவாட்டு வெளிச்சத்தில் பார்க்கிறேன். காம்பின் வரிகள் விரிந்து, பளபளப்பு மாறும் இடத்தில் மெல்லிய நிழல் விழும். அதுதான் என் தொடக்கப் புள்ளி. பூமுனையில் இதழ்களுக்குக் கீழே வளையம் போல ஒரு பள்ளம் இருக்கிறது, அது முடிவுப் புள்ளி. இதழ் உதிர்ந்த பிறகும் அந்தத் தழும்பு அங்கேயே நிற்கும்.

அகலத்தில் வேறு தொல்லை. பிஞ்சு மேல் முழுக்க மென்ரோமம். காயம் படுமே என்று பயந்து காலிப்பரைத் தளர்வாகப் பிடித்தேன். ரோமத்தையும் சேர்த்து அளந்துவிட்டேன். பிளாஸ்டிக் காலிப்பரின் தாடை வேறு லேசாக வளையும். இப்போது உலோக வெர்னியர் காலிப்பர்தான். தாடையை ரோமம் படியும் வரை நகர்த்தி, தோல் தொட்டதும் நிறுத்துகிறேன். விரலில் ஒரு சின்னத் தடை தெரியும். அதைப் பழக ஒரு வாரம் ஆனது.

இரண்டாவது காயின் பிஞ்சை வேண்டுமென்றே இரண்டு விதமாகவும் அளந்தேன். பழைய முறையில் 20-க்கு 24. புதிய முறையில் 23-க்கு 21! ஒரே பிஞ்சு, ஒரே காலை. அங்கேயே விடை கிடைத்துவிட்டது. முடிவில் 212-க்கு 194. நீள அகல விகிதம் 1.10-இல் தொடங்கி 1.09-இல் நின்றது. பதின்மூன்று புள்ளிகளும் ஒரே கோட்டில். நடுவில் நான்கு நாள் அளக்க முடியாமல் போனதும் பாதிக்கவில்லை, இந்த வரைபடத்தில் நாள் என்ற அச்சே கிடையாது.

லாக் தாளை நீங்களே அச்சிட்டால் ஒன்றைக் கவனியுங்கள்: ‘பக்கத்துக்குப் பொருத்து’ என்ற தேர்வு ஒரு அச்சை மட்டும் இழுத்துவிடலாம். அளவுகோல் வைத்துச் சாய்வு பார்ப்பவர்கள் இரண்டு அச்சிலும் ஒரு சுற்றின் (1-லிருந்து 10 வரையிலான பகுதியின்) நீளம் சமமா என்று முதலில் சரிபாருங்கள்.

150 மி.மீ. தாண்டியதும் வெர்னியர் எட்டாது. நூல் சுற்றி 3.14-ஆல் வகுத்தேன். காயில் பள்ளம் மேடு இருப்பதால் இது இன்னும் எனக்குத் திருப்தியில்லை. இரண்டு மூலைமட்டங்களை எதிரெதிரே நிறுத்தி அளக்கலாமா என்று யோசிக்கிறேன்.

அடுத்து புடலை. அதில் சாய்வு 1-ஐ நன்றாகவே தாண்ட வேண்டும். தாவரவியலாளர் ஜூலியஸ் சாக்ஸ் வேர்களில் மையால் கோடிட்டு எந்தப் பகுதி நீள்கிறது என்று பார்த்தாரே, அதுபோல புடலைப் பிஞ்சில் புள்ளி வைத்துப் பார்க்க ஆசை. மை தோலைச் சுடாமல் இருக்க வேண்டும். இலைகளும் வரிசையில் இருக்கின்றன: வடிவம் மாறாமல் வளரும் இலை என்றால் நீளத்துக்கு எதிராகப் பரப்பை வைக்கும்போது சாய்வு 2 வர வேண்டும். மக்காச்சோள இலையின் பரப்புக்கு நீளம் × அகலம் × 0.75 என்று 1911-இல் மான்ட்கோமரி சொன்ன கணக்கையும் கையோடு சோதிக்கலாம்.

அதற்கு முன் மூன்றாவது பூசணி. இன்று விடிகாலை தூரிகையால் மகரந்தம் வைத்தேன். பிஞ்சு 22-க்கு 20.