ஊட்டியின் 3 டிகிரி

"ஊட்டியில் படித்தவரா? அப்போ இந்தக் குளிரெல்லாம் உங்களுக்குப் பழக்கம்தான்" என்று டொரண்டோவில் யாராவது சொன்னால் தலையாட்டிவிட்டு நகர்ந்துவிடுவேன். பல் கிட்டித்துப்போகிற அளவுக்கு நான் நடுங்கியது ஊட்டியில்தான் என்றால் நம்பவா போகிறார்கள்?

எட்டாம் வகுப்பு, ஜனவரி மாதம். கணக்கு சார் ஆய்வகத்துத் தெர்மாமீட்டரை வராந்தா தூணில் கட்டித் தொங்கவிட்டிருந்தார். காலையில் 3 டிகிரி காட்டியது. ஆனால் மைதானத்துப் புல் முழுக்க வெள்ளை வெளேரென்று உறைபனி. "சார், தெர்மாமீட்டர் பொய் சொல்லுது" என்றான் ஒருவன். சார் பதில் சொல்லவில்லை. மறுநாள் விடியுமுன்னே அதைக் கழற்றிப் புல்மேல் போட்டிருந்தார். மைனஸ் 2!

மேகமில்லாத இரவில் தரை தன் சூட்டை வானத்துக்கு விட்டுவிடும், அதை ஒட்டிய காற்று நம் தலைமட்டக் காற்றைவிடக் குளிர்ந்துபோகும் என்றார். குளிர்ந்த காற்று கனமானது, பள்ளம் தேடிப்போய்த் தேங்கும். ஊட்டிப் பக்கத்துத் தலைகுந்தாவும் காந்தலும் குதிரைப் பந்தய மைதானமும் வெளுத்துக் கிடப்பதும், தேயிலை கருகுவதும் அதனால்தான்.

அப்புறம் கரும்பலகைக்குப் போனார். "மைனஸ் 2 பெரிசா, மைனஸ் 5 பெரிசா?" நான் எழுந்து 5 என்றேன். "மைனஸ் 5 வர்ற அன்னிக்கு ஸ்வெட்டர் இல்லாம வாடா, தெரியும்" என்றார். அடுத்த கேள்வியில் வகுப்பே விழுந்தது: 5 டிகிரியைவிட 10 டிகிரி இரண்டு மடங்கு சூடா? இல்லையாம். 0 என்பது தண்ணீர் உறைகிற இடம், அவ்வளவுதான். சூடே இல்லாத இடத்திலிருந்து எண்ணுகிற கெல்வின் அளவில் எழுதினால் 278, 283; இரண்டு மடங்கு எங்கே?

இங்கே டொரண்டோவில் மைனஸ் 20, மணிக்கு 30 கிலோமீட்டர் காற்றடித்தால் தோலுக்கு மைனஸ் 33 மாதிரி. வெளியே நின்றால் காது போய்விடும், அதை மறுக்கவில்லை. ஆனால் எவ்வளவு நேரம் நிற்கப்போகிறோம்? பஸ், கடை, வீடு எல்லாம் கதகதப்பு. ஊட்டி வீட்டிலோ உள்ளேயும் வெளியேயும் ஏறக்குறைய ஒரே குளிர்தான். சிமெண்டுத் தரை, சில்லிட்ட மெத்தை, அறைக்கு நடுவே ஒரு கரி அடுப்பு. இங்கே எனக்குப் பிடிக்காத நாளும் பிளஸ் 1தான். மைனஸ் 15இல் பனி மாவு மாதிரி, தட்டினால் உதிர்ந்துவிடும். பிளஸ் 1இல் அது உருகி சாக்ஸுக்குள் இறங்கும்.

போன ஜனவரியில் அம்மாவின் வீடியோ கால். ஸ்வெட்டர், அதன்மேல் சால்வை, தலையில் மப்ளர்.

"இங்க 4 டிகிரிடா. அங்க?"

"மைனஸ் 18மா."

"ஐயோ, எப்படிடா தாங்குற?"

நான் பனியனோடு உட்கார்ந்திருந்தேன்.