மூன்றாவது கேள்வி: கோனா நாட்குறிப்பு

ஜனவரி 9

ஹவாயின் கோனா கரையில் வில்லாக்கள் கட்ட அனுமதி கேட்கும் விண்ணப்பத்தை எங்கள் ஆபீஸ் தயாரிக்கிறது. எழுதுவது நான்.

ஜனவரி 10

விடிந்ததும் சைட்டுக்குப் போய்விட்டேன். வரைபடத்தில் 'தரிசு எரிமலைப் பாறை' என்று போட்டிருக்கிற இடம். பாறைக்கு நடுவே முழங்கால் ஆழத்துக்குத் தெளிந்த தண்ணீர். கடலுக்கும் அதற்கும் கண்ணுக்குத் தெரிகிற வழி எதுவும் கிடையாது, ஆனாலும் கடலில் நீர் ஏறினால் குளத்திலும் ஏறுகிறது. நிழல் விழாமல் குந்தியிருந்தேன். கொஞ்ச நேரத்தில் இடுக்குகளிலிருந்து ஓபாஏ உலா என்ற குட்டி இறால்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. அரை அங்குலம் இருக்கும், மிளகாய்த் தோல் துணுக்கு மாதிரி சிவப்பு. பாறைமேல் பாசியை மேய்ந்துகொண்டே நகர்ந்தன. ஓபேலு மீனுக்கு இரை போட இந்த இறாலைத்தான் அள்ளிப் போவார்களாம். யாராவது இரண்டு கப்பி மீனைக் கொண்டுவந்து விட்டால் போதும், இவை கண்ணில் படாமலே போய்விடும்.

வரைபடத்தில் குளம் இல்லை. அந்த இடத்தில் 'பார்க்கிங், இரண்டாம் கட்டம்'.

ஜனவரி 13

விண்ணப்பத்தின் 41-ம் பக்கத்தில் அந்த வரி மறுபடியும் வந்துவிட்டது. 'பாரம்பரிய வளங்களின் பாதுகாப்புத் திட்டம், கட்டுமானத்துக்கு முன் உரியவர்களுடன் ஆலோசித்துத் தயாரிக்கப்படும்.' போன வாரம்தான் அதை அடித்து நீக்கிவிட்டு அனுப்பினேன்.

இதே கரையில் உள்ள காஊபூலேஹு என்ற இடத்தைப் பற்றிய வழக்கை ஆபீஸில் எல்லோரும் படித்திருக்கிறார்கள். அங்கே சுமார் ஆயிரம் ஏக்கர் நிலத்தை நகர்ப்புற வகைக்கு மாற்றிக்கொடுத்த மாநில நிலப் பயன்பாட்டுக் கமிஷன், உப்பும் ஓபிஹி என்ற பாறை நத்தையும் எடுக்க வருகிறவர்களின் உரிமையைப் பார்த்துக்கொள்ளும் வேலையை டெவலப்பரிடமே ஒப்படைத்தது. 2000-ல் ஹவாய் உச்ச நீதிமன்றம் அது செல்லாது என்றது. அனுமதி கொடுக்கிறவர்களே முதலில் மூன்று கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும்: என்னென்ன வளங்கள் இருக்கின்றன, யார் எப்படிப் பயன்படுத்துகிறார்கள்? கட்டினால் அவற்றுக்கு என்ன ஆகும்? காப்பாற்ற என்ன செய்ய முடியும்? 1978-ல் ஹவாயின் அரசியல் சாசனத்தில் பூர்வகுடிகளுக்காகச் சேர்த்த உரிமை இது, யாரும் போடும் பிச்சை இல்லை. விண்ணப்பத்தில் நாம் மூன்றாவது கேள்விக்கு 'பின்னர்' என்று எழுதிக்கொடுத்தால் கமிஷன் எதை வைத்து முடிவு செய்யும்?

அடித்துவிட்டேன்.

ஜனவரி 14

சைட் கரையில் உப்பு எடுக்கிற ஆன்ட்டி பேசச் சம்மதித்துவிட்டார்! ஞாயிற்றுக்கிழமை. ரெக்கார்டர் கூடாதாம்.

ஜனவரி 18

வாசல் திண்ணையிலேயே மூன்று மணி நேரம். பேரலை வந்து பாறைப் பள்ளங்களை நிரப்பிவிட்டுப் போகும். வெயிலில் காய்ந்து உப்புப் பூக்கும். மேலே படிகிற வெள்ளையை மட்டும் விரல் நுனியால் வழித்தெடுப்பாராம், அடியில் இருக்கும் சாம்பல் நிறத்தைத் தொடமாட்டாராம். ஒரு கண்ணாடி ஜாடியைத் திறந்து என் உள்ளங்கையில் கொஞ்சம் கொட்டினார். பெரிய பெரிய பரல்கள், லேசான ஈரம். விற்பதில்லை, சொந்தபந்தத்துக்குக் கொடுப்பதோடு சரி.

எந்தப் பள்ளங்கள் என்று கேட்டேன். "நீ எழுதுவாய், அது ஊருக்கே போகும், அப்புறம் ஆளாளுக்கு வாளியோடு வந்து நிற்பான்" என்றார். முன்னோர் எலும்புகள் இருக்கும் இடமும் தெரியுமாம். அதையும் சொல்லமாட்டேன் என்றார். சொல்லுங்கள் என்று வற்புறுத்த எனக்கு வாய் வரவில்லை. மாவி தீவில், ஹோனோகாஹுவாவில் ஹோட்டலுக்காகத் தோண்டியபோது, நூற்றுக்கணக்கானவர்களின் எலும்புகளை வெளியே எடுத்த பிறகுதான், 1988 கடைசியில், நிறுத்தினார்கள். ஹோட்டல் மேட்டுப்பக்கம் நகர்ந்தது, 1990-ல் புதைத்த இடங்களைக் காக்கச் சட்டமும் வந்தது. அவற்றைத் திரும்பப் புதைத்தவர்களின் வயதுதான் ஆன்ட்டிக்கும்.

புதைத்த இடங்களை ரகசியமாக வைக்கச் சட்டத்தில் வழி உண்டு. உப்புக்கு?

ஜனவரி 19

எழுதினால் கூட்டம் வரும். எழுதாவிட்டால் அங்கே ஒன்றுமே இல்லை என்று ஆகிவிடும். தூக்கமில்லை.

ஜனவரி 22

பள்ளம் பள்ளமாகக் குறிக்க வேண்டியதே இல்லை! அலா கஹகாய், அந்தப் பழைய கரையோரப் பாதை, சைட்டின் குறுக்கே போகிறது. பாதைக்குக் கடல் பக்கமாக உள்ள மொத்த நிலத்தையும் வளம் என்றே எழுதலாம். உப்பு, ஓபிஹி, குளம், எலும்பு எல்லாம் அதற்குள் அடங்கிவிடும், எது எங்கே என்று யாருக்கும் தெரியவேண்டியதில்லை. அந்தப் பக்கம் கட்டடம் இல்லை, மண் அள்ளுவது இல்லை, குழாய் இல்லை. பார்க்கிங் மலைப்பக்கம் போகட்டும். புல்வெளி உரம் நிலத்தடி நீரோடு குளத்துக்குத்தான் இறங்கும், அதனால் புல்வெளியும் வேண்டாம். இதெல்லாம் நிபந்தனையாகவே, இப்போதே.

சாப்பிட மறந்து எழுதினேன்.

ஜனவரி 27

மேனேஜர் கூப்பிட்டார். பார்க்கிங்கை நகர்த்தினால் நான்கு வில்லா போய்விடுமாம். "அந்த வரியைப் போட்டுவிடுங்கள், எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்கள்." அந்த வரி இருந்தால் தயாரித்தவர் என்ற இடத்தில் என் பெயர் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். கை நடுங்கியது. அவர் பதில் பேசவில்லை.

ஜனவரி 28

ஆன்ட்டிக்கு ஃபோனில் வரைவைப் படித்துக் காட்டினேன். பாதை வரும் பத்தியை இரண்டு தடவை படிக்கச் சொன்னார். பிறகு, "கேட்டை எத்தனை மணிக்குப் பூட்டுவார்கள்?" என்றார். ஆறு மணிக்கு, பாதுகாப்புக்காக என்றேன். "நீர் வற்றுவது ராத்திரியாக இருந்தால் டார்ச் எடுத்துக்கொண்டு ராத்திரிதான் போவோம்."

மூன்றாவது பகுதியில் 'பகல் நேரத்தில்' என்று இருந்ததை எடுத்துவிட்டு 'எந்த நேரத்திலும்' என்று மாற்றி மேனேஜருக்கு அனுப்பிவிட்டேன். வில்லா விளக்குகள் கடலைப் பார்த்து எரியுமா என்று நாளை எலக்ட்ரிக்கல்காரரிடம் கேட்க வேண்டும்.